குதிரைகளுக்கு நிலத்தோடு ஒரு களஞ்சிய வீடு: இங்கிலாந்தில் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில், பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக மாற்றி, அதை ஒட்டிய சில ஏக்கர் மேய்ச்சல் நிலத்தோடு சேர்த்து விற்பது நெடுநாளாக நடந்துவருகிறது. அத்தகைய வீட்டின் விளம்பரத்தில் ஓக் மர உத்தரங்களும் கூரை வரை எழும் கண்ணாடிச் சுவரும் முதலில் வரும். நிலம் கடைசிப் படத்தில், அதுவும் கோடைக்காலப் பச்சையோடு, வந்து போகும். வாங்குவோரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: முதலில் நிலம், அடுத்து அனுமதிக் கோப்பு, அதற்குப் பிறகே கட்டடம். கட்டடத்தின் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். களிமண் நிலத்தின் இயல்பையோ, அனுமதியில் எழுதப்பட்டுவிட்ட நிபந்தனையையோ அப்படி எளிதில் மாற்ற முடியாது. இங்கே சொல்லப்படும் சட்டங்களில் பலவும் இங்கிலாந்துக்கு உரியவை என்பதையும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறுபடும் என்பதையும் தொடக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

முதற்படி: எத்தனை குதிரைகள் என்று முடிவு செய்தல்

நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன், எத்தனை குதிரைகள், என்ன அளவுள்ளவை, ஆண்டில் எத்தனை மாதம் வெளியில் மேயப்போகின்றன என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அரசின் சுற்றுச்சூழல், உணவு, கிராமப்புறத் துறையான டெஃப்ரா வெளியிட்டுள்ள குதிரை நல நெறிமுறை, கூடுதல் தீவனமின்றி மேய்ச்சலை மட்டும் நம்பியிருக்கும் குதிரை ஒவ்வொன்றுக்கும் 0.5 முதல் 1 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கரிலிருந்து இரண்டரை ஏக்கர் வரை, தரமான புல்வெளி தேவை என்று பொது அளவாகச் சொல்கிறது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு; தனியே நிறுத்தப்பட்டால் அமைதியிழந்து வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும். எனவே ஒரு குதிரையில் ஏறிச் செல்வதுதான் ஆசை என்றாலும், துணைக்கு ஒரு மட்டக்குதிரையையாவது சேர்த்து இரண்டு என்றே கணக்கிட வேண்டும்.

விளம்பரத்தில் சொல்லப்படும் ஏக்கர் முழுவதும் மேய்ச்சலுக்கு வராது. வீடு, தோட்டம், வண்டிப்பாதை, லாரி திரும்பும் இடம், லாயம், லத்திக் குவியல், மரத்தோப்பு, நீர் தேங்கும் மூலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். பயிற்சித் திடல் ஒன்று அமைக்கும் எண்ணமிருந்தால், வழக்கமான 20 மீட்டருக்கு 40 மீட்டர் திடல் மட்டுமே 800 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள வடிகாலும் வேலியும் அதற்கு மேல். மிஞ்சும் நிலத்தையும் இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதி மேயப்படும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும் வகையில் சுழற்ற வேண்டியிருக்கும் என்பதால், ஒரே துண்டாகக் கிடக்கும் நிலம், குறுகிய வால் போல நீளும் அதே அளவு நிலத்தைவிட மிகவும் பயன்படும்.

இரண்டாம் படி: நிலத்தை ஈரக்காலத்தில் நடந்து பார்த்தல்

இது இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான படி. இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். கோடையில் எல்லாப் புல்வெளியும் நல்ல புல்வெளிதான். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், சில நாள் மழைக்குப் பின், ரப்பர் பூட்ஸ் அணிந்து நிலத்தின் நான்கு மூலைகளுக்கும் வாயில்களுக்கும் நடந்து செல்லுங்கள். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை நான்கு சிறு குளம்புகளில் அந்த எடையைத் தாங்கி நடக்கிறது. ஈரக் களிமண்ணில் அது ஒவ்வொரு அடியிலும் குழி பறிக்கும், புல்லின் வேரை அறுக்கும், வாயிலருகே முழங்கால் அளவு சேறாக்கிவிடும். கென்ட், சசெக்ஸ் பகுதியில் உள்ள வீல்டு களிமண் இதற்குப் பெயர்போனது. டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணப்பாறை மண்ணும், காட்ஸ்வோல்டு பகுதியின் சுண்ணாம்புக்கல் மண்ணும் நீரை விரைவாக வடிய விடுவதால், குளிர்காலத்திலும் குதிரைகளை வெளியே விட ஓரளவு இடங்கொடுக்கும். கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சாயில்ஸ்கேப்ஸ் வரைபடத்தில் ஓர் இடத்தின் மண் வகையையும் வடிதன்மையையும் இலவசமாகப் பார்க்கலாம். வெள்ள அபாயத்தைச் சுற்றுச்சூழல் முகமையின் வரைபடம் காட்டும். ஆனால் நாணற்கோரை கொத்துக்கொத்தாக நிற்பதைக் கண்ணால் கண்டால் வரைபடம் தேவைப்படாது. அங்கே நீர் தேங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து புல். முன்பு பால்பண்ணையாக இருந்த நிலத்தில் பசுக்களின் பால்பெருக்கத்துக்காக விதைத்து உரமிட்ட ரைகிராஸ் புல் அடர்ந்திருக்கும். சர்க்கரைச் சத்து மிகுந்த அந்தப் புல், குறிப்பாக மட்டக்குதிரைகளுக்கு, குளம்புக்குள் உள்ள திசு வீங்கி நடக்கவே முடியாமல் செய்யும் லேமினைட்டிஸ் நோயைத் தூண்டக்கூடும். உரம் காணாத, பலவகைப் புற்கள் கலந்த பழைய வெளி பார்வைக்கு ஏழ்மையாகத் தோன்றினாலும் குதிரைக்கு அதுவே ஏற்றது. விற்பனை முகவர் நிலத்தின் 'செழிப்பை'ப் புகழும்போது, குதிரை வைத்திருப்பவருக்குச் சிறிது ஐயம் எழ வேண்டும்.

நச்சுச் செடிகளைப் பற்றி அலட்சியம் கூடாது. மஞ்சள் பூப்பூக்கும் ராக்வொர்ட் செடியில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் குதிரையின் ஈரலைப் படிப்படியாகச் சிதைக்கின்றன; நோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பதால் குதிரைகள் ஒதுக்கினாலும், வாடியதும் காய்ந்ததும் கசப்புக் குறைந்துவிடும், நஞ்சு குறையாது. ஆகவே உலர்புல்லோடு கலந்து வருவதே பேராபத்து. 1959ஆம் ஆண்டின் களைச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் ராக்வொர்ட் கட்டுப்பாட்டுச் சட்டத்தாலும் இச்செடி பரவுவதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நிலத்தைக் கையில் வைத்திருப்பவர்மேல் விழக்கூடும். எல்லை வேலியோரம் உள்ள மரங்களையும் பாருங்கள். சிக்கமோர் மரத்தின் சிறகு விதைகள் இலையுதிர்காலத்திலும், அவற்றின் நாற்றுகள் வசந்தத்திலும் ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சால் உயிர்கொல்லும் தசைநோயை உண்டாக்குகின்றன. விதை காற்றில் வெகுதூரம் பறப்பதால் மரம் பக்கத்து நிலத்தில் நின்றாலும் ஆபத்து உங்களுடையதே. ஓக் மரத்தின் காய்கள் அளவு மீறினால் தீங்கு செய்யும். யூ மரத்தின் இலையைச் சிறிதளவு தின்றாலே உயிர் போகும். பண்ணையின் பழைய முள்கம்பி வேலி குதிரைக்கு உதவாது; மரக்கம்பங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட சுமார் 1.25 மீட்டர் உயர வேலிக்கு ஆகும் செலவை விலைபேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அனுமதிக் கோப்பைப் படித்தல்

நிலத்தில் மனம் நிறைந்த பிறகு, வீட்டுக்குள் நுழையாமல், உள்ளூர் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த முகவரியின் திட்ட அனுமதிக் கோப்பைத் திறக்க வேண்டும். ஒரே வேலிக்குள் இருப்பதுபோல் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் அங்கே மூன்று துண்டுகள் உள்ளன: வீடு, வீட்டைச் சேர்ந்த தோட்டப்பகுதி, அதற்கு அப்பாலுள்ள வெளி, அதாவது மேய்ச்சல் நிலம். மூன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு வேறு வேறு. கோப்பில் இருக்கும் வரைபடத்தில் தோட்டத்தின் எல்லை எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. முந்தைய உரிமையாளர் வெளியின் ஒரு பகுதியில் புல்தரை வெட்டி, ஊஞ்சலும் டிராம்போலினும் போட்டுத் தோட்டமாக்கியிருந்தால், அனுமதியின்றி நடந்த பயன்பாட்டு மாற்றமாக அது கருதப்படலாம். வீட்டோடு அந்தச் சிக்கலும் கைமாறும்.

களஞ்சியம் எந்த வழியில் வீடானது என்பது அடுத்த கேள்வி. முழுத் திட்ட அனுமதி பெற்று மாற்றப்பட்டவை ஒரு வகை. 2014இல் தொடங்கி, 2015இன் பொது அனுமதி ஆணையில் 'கிளாஸ் கியூ' என்ற பெயரில் இடம்பெற்ற சுருக்க வழியில் மாற்றப்பட்டவை மற்றொரு வகை. 2024 மே 21 முதல் இந்த வழியில் ஒரு பண்ணை அலகில் 10 வீடுகள் வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டருக்குள், வீடு ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டரைத் தாண்டாமல் அமைக்கலாம். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கும், தேசியப் பூங்காக்களிலும் தேசிய நிலக்காட்சிப் பகுதிகளிலும் உள்ளவற்றுக்கும் இவ்வழி கிடையாது.

கிளாஸ் கியூ வீட்டை வாங்கும் குதிரைப் பிரியர் இரண்டு கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, இவ்வகை வீட்டின் தோட்டப்பகுதி அக்கட்டடம் நிற்கும் தரையின் பரப்பைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இரண்டாவது, சாதாரண வீட்டுக்காரர் அனுமதி கேட்காமலே தோட்டத்தில் கொட்டகை போடவும் வீட்டை ஓரளவு விரிக்கவும் உள்ள உரிமைகள் இவ்வீட்டுக்குப் பொருந்தா. ஆகவே 'பின்னால் ஒரு சிறு லாயம் போட்டுக்கொள்ளலாம்' என்று முகவர் சொன்னால், அதற்கு முழு விண்ணப்பம் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழு அனுமதி பெற்ற களஞ்சியங்களிலும் கவுன்சில்கள் இதே உரிமைகளை நிபந்தனை எழுதி நீக்கிவைப்பது வழக்கம்.

வெளியைப் பற்றிய விதி பலரையும் வியப்பில் ஆழ்த்துகிறது. குதிரைகள் வெறுமனே புல் மேய்வது விவசாயப் பயன்பாட்டுக்குள் அடங்கும். அதே குதிரைகளை அங்கே 'வைத்துப் பராமரிப்பது' அடங்காது. நாள்தோறும் தீவனம் கொண்டு போடுவது, தாண்டுதடைகளை நிரந்தரமாக நிறுத்துவது, பயிற்சி கொடுப்பது, லாயம் கட்டுவது என்று போகப்போக, நிலம் குதிரைப் பயன்பாட்டுக்கு மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் இரண்டு குதிரைகளை உலர்புல் போடாமல் சில ஏக்கரில் வைத்திருப்பது நடைமுறையில் இயலாத காரியம் என்பதால், 'குதிரைப் பயன்பாடு' என்று எழுத்தில் அனுமதி பெற்ற நிலத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது என் கணிப்பில் நியாயமானது. அந்த அனுமதியும் சொந்தக் குதிரைகளுக்கு மட்டுமா, பிறருடைய குதிரைகளைக் கட்டணத்துக்கு வைக்கவும் செல்லுமா என்று நிபந்தனையைப் படித்துப் பார்க்க வேண்டும். பயிற்சித் திடலுக்கும், அதற்கான உயரமான விளக்குகளுக்கும், வெளிக்குள் கல் பரப்பிப் பாதை போடுவதற்கும் இதே போல் அனுமதி தேவை.

ஏற்கெனவே நிற்கும் லாயத்துக்கு அனுமதி இல்லையென்றால் பதறத் தேவையில்லை. கேள்விகள் கேட்கத்தான் வேண்டும். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் விதிமீறல்மீது நடவடிக்கை எடுப்பதற்கான கால வரம்பு பொதுவாக 10 ஆண்டுகளாக்கப்பட்டுள்ளது. அந்தத் தேதிக்கு முன் முடிந்த கட்டுமானங்களுக்குப் பழைய 4 ஆண்டு விதியே செல்லும். காலம் கடந்திருந்தால், கட்டடம் இப்போது சட்டப்படி செல்லும் என்று உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழைக் கவுன்சிலிடமிருந்து விற்பவரே வாங்கித் தரும்படி கேளுங்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் அனுமதியின்றிச் செய்த வேலைகளுக்குக் கால வரம்பே இல்லை. முந்தையவர் வைத்த கூரைச் சாளரத்தை அகற்றச் சொல்லும் ஆணை உங்கள் பெயருக்கு வரலாம். கட்டடம் பட்டியலில் உள்ளதா என்பதை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் பார்க்கலாம்.

நான்காம் படி: கட்டடத்தைச் சோதித்தல்

களஞ்சியங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்று தெரிந்தால் அவற்றின் குறைகளும் விளங்கும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் கிரேட் காக்ஸ்வெல், எசெக்ஸின் கிரெசிங் டெம்பிள் ஆகிய இடங்களில் 13ஆம் நூற்றாண்டுக் களஞ்சியங்களும், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426இல் எழுந்த களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. ஒரு வீட்டை வாங்கும் முன் இவற்றில் ஒன்றையாவது பார்த்துவருவது நல்ல பாடம். சாதாரணப் பண்ணைக் களஞ்சியங்கள் பலவற்றிலும் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் இருக்கும். நடுவில் உள்ள களத்தில் கதிரடித்து, குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவதற்காக வைத்த வழி அது. இன்று அந்த வாயில்கள் முழுக்கக் கண்ணாடியாகியிருக்கும். கண்ணாடி தெற்கு நோக்கினால் கோடையில் அறை கொதிக்கும். மற்ற சுவர்களில் காற்றோட்டக் கீற்றுகளைத் தவிர திறப்பே இல்லாததால் படுக்கையறைகள் பகலிலும் இருண்டிருக்கும். கூடுதல் சாளரம் வைக்கக் கவுன்சில் இசைவது அரிது. மேகமூட்டமான பிற்பகலில், விளக்குகளை அணைக்கச் சொல்லி வீட்டைப் பாருங்கள்.

பழைய சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பு கொண்டவை. சுண்ணாம்புக் காரையால் கட்டிய கல், செங்கல் சுவரில் சிமென்ட் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே திரும்பும். ஓக் சட்டகத்தைக் காற்றுப்புகாத் தாளால் மூடினால் மரத்தின் அடிச்சட்டம் வெளியில் தெரியாமலே அழுகும். மாற்றுவேலை எந்தப் பொருள்களால் செய்யப்பட்டது, வெப்பக்காப்பு ஆவியை ஊடுருவ விடும் வகையா என்று கேளுங்கள். மாட்டுக் கொட்டிலாக இருந்த பகுதியில் இன்னொரு தொல்லை உண்டு: தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சிறுநீர் ஊறிய சுவரில் தங்கியுள்ள நைட்ரேட் உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதால், கூரையும் வடிகாலும் சரியாக இருந்தும் பூச்சில் கறை திரும்பத் திரும்ப வரும். பூச்சைப் புதிதாகப் பூசியிருக்கும் ஒரே ஒரு சுவர் எப்போதும் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்.

அடித்தளம் ஆழமற்றது, முன்பு தானியத்தை மட்டும் காத்த கூரை இப்போது வெப்பக்காப்பையும் பலகைகளையும் தாங்குகிறது. பழமையான கட்டடங்களில் அனுபவமுள்ள சர்வேயரைக் கொண்டு முழுக் கட்டட ஆய்வு செய்விப்பது கட்டாயம். கட்டுமான விதிகளின்படி வேலை முடிந்ததற்கான நிறைவுச் சான்றிதழும், மாற்றுவேலை அண்மையில் முடிந்திருந்தால் கட்டுமான உத்தரவாதமும் இல்லாமல் அடமானக் கடன் தருவோர் தயங்குவார்கள். 1999இல் கல்நார் முழுமையாகத் தடைசெய்யப்படும் முன் கட்டிய பண்ணைக் கொட்டகைகளில் கல்நார் சிமென்ட் தகடு இருக்க வாய்ப்பு மிகுதி. லாயமாகப் பயன்படும் பக்கக் கொட்டகையின் கூரையை மறவாமல் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய எரிபொருள் தொட்டியும், ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்துநீரில் ஆடுகளை முக்கும் தொட்டியும் இருந்த இடங்களில் மண் மாசுபட்டிருக்கலாம்.

வௌவால்களும் கூகைகளும் களஞ்சியங்களில் குடியிருப்பது இயல்பு. பிரிட்டனில் காணப்படும் 18 வகை வௌவால்களும் பாதுகாக்கப்பட்டவை. அவை அந்நேரம் இல்லாவிட்டாலும் தங்குமிடத்தை அழிப்பது குற்றம். கூகை 1981ஆம் ஆண்டின் வனவுயிர் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கூடு கட்டியிருக்கையில் அதைத் தொந்தரவு செய்யவும் கூடாது. மாற்றப்படாத கொட்டகை ஒன்றைப் பின்னாளில் பயன்படுத்தும் திட்டமிருந்தால், இவை அங்கே குடியிருக்கின்றனவா என்ற ஆய்வுக்காக ஒரு கோடைக்காலம் முழுவதும் காத்திருக்க நேரலாம்.

ஐந்தாம் படி: நீர், கழிவு, வெப்பம், பாதை

இவற்றை விரைவாகவே பார்த்துவிடலாம். கழிவுநீர் செப்டிக் டேங்கில் சேர்ந்து ஓடைக்கோ வாய்க்காலுக்கோ நேராகச் செல்வது 2020 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படுவதில்லை. மண்ணுக்குள் வடியும் அமைப்போ சுத்திகரிப்பு நிலையமோ வேண்டும். எது உள்ளது என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். குடிநீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருமானால் நீர்ப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். ஒரே வீட்டுக்கான தனிக் கிணற்றைக் கவுன்சில் தானாக வந்து சோதிக்காது. நாளொன்றுக்கு 20 கன மீட்டர் வரை எடுக்க உரிமம் வேண்டியதில்லை என்பதால் அளவு பிரச்சினை இல்லை; குதிரை ஒன்று நாளுக்குச் சுமார் 25 முதல் 50 லிட்டர் குடிக்கும். வெளிக்குக் குழாய் போயிருக்கிறதா, உறைபனியில் அது அடைபடாத ஆழத்தில் உள்ளதா என்பதே கேள்வி.

குழாய் எரிவாயு பல கிராமங்களில் இல்லை. எண்ணெய்க் கொதிகலனோ வெப்பப் பம்போ இருக்கும். உயரமான கூரைக்கடியில் சூடான காற்று மேலேறிவிடுவதால் தரைக்கடி வெப்பமூட்டல் உள்ள வீடு மேலானது.

பாதை யாருடையது, பராமரிப்புச் செலவை யார் பகிர்கிறார்கள், குதிரை லாரி செல்ல உரிமையும் அகலமும் உண்டா என்பவற்றைச் சொலிசிட்டர் (சொத்துப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் வழக்கறிஞர்) ஆவணத்தில் உறுதிசெய்ய வேண்டும். தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் அகலப் பாதை வேண்டும் என்பது கட்டுமான வழிகாட்டுதலின் அளவு. அதே அகலம் உலர்புல் லாரிக்கும் வசதி.

ஆறாம் படி: உரிமைகளும் வரியும்

கவுண்டி கவுன்சிலின் அதிகாரபூர்வப் பாதை வரைபடத்தை இரண்டு காரணங்களுக்காகப் பார்க்க வேண்டும். ஒன்று, வீட்டிலிருந்து குதிரையேறிச் செல்ல வழி உண்டா என்பது: பிரைடில்வேயிலும் (குதிரைகளும் நடப்போரும் செல்லும் பொதுப் பாதை) பைவேயிலும் (வண்டிகளும் செல்லும் பொதுப் பாதை) குதிரையில் செல்லலாம், நடைபாதையில் அந்த உரிமை இல்லை. பரபரப்பான சாலையைக் கடக்காமல் ஒரு பிரைடில்வேயை அடைய முடிவது, என் பார்வையில், இன்னொரு ஏக்கரைவிட மதிப்பானது. இரண்டு, உங்கள் வெளியின் குறுக்கே பொது நடைபாதை போகிறதா என்பது. போனால் அந்நியர்களும் அவர்களின் நாய்களும் குதிரைகளுக்கு நடுவே நடப்பார்கள். குதிரை ஒருவரைக் காயப்படுத்தினால் 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, உங்கள் தவறு இல்லாவிடினும் பொறுப்பு வரக்கூடும். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது.

விவசாயி ஒருவர் விற்கும் நிலத்தில், பின்னாளில் வீடுகட்ட அனுமதி கிடைத்து நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வில் ஒரு பங்கு அவருக்கு என்ற நிபந்தனை ஒட்டியிருக்கலாம். லாயம் கட்டுவதுகூட அதைத் தூண்டிவிடாதபடி வாசகம் எழுதப்பட்டுள்ளதா என்று கேட்டுத் தெளியுங்கள்.

முத்திரை வரியில் ஆசைகாட்டும் பேச்சுகள் உண்டு. குடியிருப்பு வரி விகிதத்தின் உச்சி 12 சதவீதம். குடியிருப்பும் பிற பயன்பாடும் கலந்த சொத்துக்கு உச்சி 5 சதவீதம். மேய்ச்சல் வெளி இருப்பதாலேயே சொத்து கலப்பு வகையாகிவிடும் என்று சொல்லி, கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைகளை எழுதித்தர முகவர்கள் முன்வருவார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டின் 'வளாகம்' என்பது வீட்டை நியாயமாக அனுபவிக்கத் தேவையான அளவுக்குள் அடங்கியதுதான் என்ற வாதத்தை ஏற்கவில்லை. சொந்தக் குதிரைகள் மேயும் வெளி பெரும்பாலும் வீட்டின் வளாகமாகவே எண்ணப்படும். வேறொருவர் உண்மையான குத்தகையில் வணிக நோக்கோடு பயன்படுத்தும் நிலம் என்றால் கதை மாறலாம். முழு விகிதத்துக்குப் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பிறகு வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

ஏழாம் படி: லாயம், உலர்புல், லத்தி

வீட்டுக்கும் லாயத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதில் விற்பனைக் குறிப்புகள் மௌனம் காக்கும். சமையலறைச் சாளரத்திலிருந்து குதிரையின் தலை தெரிவது அழகுதான். ஈயும் மணமும் அதே தூரத்தைத்தான் கடந்து வர வேண்டும். நெருப்பு அதைவிடக் கவலைக்குரியது. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் தின்னும். நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு குதிரைக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். சரியாகக் காயாமல் கட்டிய உலர்புல் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பற்றும். வீட்டின் சுவரோடு ஒட்டிய கொட்டகையில் அதை அடுக்காமல், லாயத்திலிருந்தும் விலக்கித் தனிக்கொட்டகையில் வையுங்கள். வீட்டுக் காப்பீட்டாளரிடமும் இதைத் தெரிவிக்க வேண்டும்.

லாய அறை குதிரைக்கு 3.65 மீட்டருக்கு 3.65 மீட்டரும், சிறிய மட்டக்குதிரைக்கு 3.05 மீட்டருக்கு 3.05 மீட்டரும் இருப்பது பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் பரிந்துரை. பண்ணையின் பழைய கொட்டில்களில் தாழ்ந்த உத்தரமும் குறுகிய வாயிலும் இருக்கும். அளவுநாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

லத்தி ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 கிலோவுக்குக் குறையாது, படுக்கை வைக்கோல் தனி. ஆண்டுக்கு ஏழெட்டு டன்னை எங்கே சேர்ப்பது, யார் எடுத்துச் செல்வார் என்பதை நிலம் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். குவியல் ஓடை, வாய்க்கால்களிலிருந்து 10 மீட்டரும், கிணறு, ஊற்றுகளிலிருந்து 50 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். லாரி வந்து எடுக்கத்தக்க கெட்டியான தரையும் வேண்டும். அடுத்த வீட்டு எல்லையோரம் அதை வைப்பவர், கிராமத்தில் முதல் பகையை முதல் மாதத்திலேயே சம்பாதித்துக்கொள்வார்.

எட்டாம் படி: குதிரைகளைக் கொண்டுவருதல்

சாவி கைக்கு வந்தவுடன் குதிரைகளையும் கொண்டுவர மனம் துடிக்கும். வேலியைச் சுற்றி முழுதும் நடந்து, நீட்டிய ஆணி, அறுந்த கம்பி, மண்ணில் புதைந்த தகரம் ஆகியவற்றை நீக்கும் வரை பொறுத்திருங்கள். பழைய பண்ணை வெளியில் இவை கட்டாயம் கிடைக்கும். வாயில்களிலும் தண்ணீர்த் தொட்டி அருகிலும் கெட்டித் தரை போட அனுமதி பெற்று, முதல் குளிர்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.

குதிரை ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். உரிமையாளரின் முகவரி மாறினால் பாஸ்போர்ட் வழங்கிய அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். அப்பகுதியின் கால்நடை மருத்துவரிடமும் லாடம் அடிப்பவரிடமும் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். கிராமப்புறத்தில் நல்ல லாடக்காரருக்குக் காத்திருப்போர் வரிசை உண்டு. வெளியிலிருந்து புதிதாகச் சேரும் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனிமைப்படுத்தி, லத்தியில் புழு முட்டை எண்ணிக்கையைச் சோதித்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது மேய்ச்சல் வெளியிலிருந்து லத்தியை அள்ளுவது புழுமருந்தின் தேவையைக் குறைக்கும். புதிய புல்லுக்குப் பழகாத குதிரையை முதல் நாள் ஒரு மணி நேரம் போல மேயவிட்டு, இரண்டு வாரங்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வசந்தகாலத்தில் வீடு மாறுவோர் இன்னும் மெதுவாகவே கூட்ட வேண்டும்.